இருநூற்றைம்பது மை

மரக்காணம் வட்டார உப்பு உற்பத்தியாளர் நல மேம்பாட்டு ஒருங்கிணைப்புக் கூட்டமைப்புக்கு ஒரு லெட்டர்பேடு உண்டு. அதில் எழுதுவதற்கு மட்டும் இடம் கிடையாது. மேலே நடுவில் கூட்டமைப்பின் பெயர் இரண்டு வரிக்கு ஓடும். அதன் கீழே சூரியனும் அலையும் உப்புக் குவியலும் சேர்ந்த முத்திரை. இடப்பக்கம் தலைவர் ராஜாங்கத்தின் பெயர், ஒரே வரி. வலப்பக்கம் செயலாளர் அறிவழகனின் பெயர். அதற்குக் கீழே அவர் முடித்த படிப்பு, முடிக்காத படிப்பு, வகிக்கும் பொறுப்பு, வகித்த பொறுப்பு, வகிக்கச் சொல்லி யாரோ கேட்டுக்கொண்ட பொறுப்பு என்று ஏழு வரி. அடியில் ஒரு பொன்மொழி. அதுவும் அறிவழகன் சொன்னதுதான். இவ்வளவும் போக நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் காகிதம் மிஞ்சும்.

பெயர்தான் இவ்வளவு நீளமே தவிர, சாலையை ஒட்டிய உப்பளத்தில் பாத்தி வைத்திருந்த மூன்று பேர்தான் கூட்டமைப்பு: ராஜாங்கம், தட்சணாமூர்த்தி, அறிவழகன். இந்த வருஷம் நான்காவதாக ஒரு பெண்கள் குழு சேர்ந்தது. பதினான்கு பேர். இருபது வருஷமாக அடுத்தவர் பாத்தியில் உப்பு வாரி, தலையில் சுமந்து கொட்டியவர்கள். சேறு தட்டிப்போய் ராஜாங்கம் கைவிட்டிருந்த பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, சேற்றை அள்ளி, தரையை மிதித்து இறுக்கி, தை மாதம் நீர் கட்டி, புரட்டாசிக்குள் தங்கள் பேரிலேயே ஓர் அம்பாரம் குவித்துவிட்டார்கள். வரப்பு மேட்டில் ஓட்டுக்கூரை மாதிரி நீளவாக்கில் எழும்பி நிற்கும் உப்புக் குவியலுக்குத்தான் அம்பாரம் என்று பெயர். மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று உண்டு. நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

பெண்களுக்குத் தலைவி சின்னப்பாப்பா. பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லை. ஆறடிக்கு இரண்டு விரற்கடைதான் குறைவு. ஆரோவில் பக்கம் எட்டு வருஷம் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்வந்தவள். அங்கிருந்து கொண்டுவந்த இரும்பு டேப் ஒன்று எந்நேரமும் இடுப்பில் செருகியிருக்கும்.

மழைக்காலம் முழுக்கக் கரையாமல் அந்த அம்பாரம் நின்றுவிட்டால் பதினான்கு பேரும் அடுத்த தையிலும் பாத்திக்காரர்கள். கரைந்துவிட்டால் மறுபடியும் தலைச்சுமைக் கூலிகள். இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

அறிவழகனை மைக்ரான் பிடித்துக்கொண்டது சென்னையில். பிளாஸ்டிக் பொருட்கள் கண்காட்சி ஒன்றுக்கு இரண்டு நாள் போயிருந்தார். அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டையைத் தூக்கிப்போட மனம் வராமல் இன்னும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறார். அட்டையோடு, நீல வெல்வெட் பதித்த மரப்பெட்டி ஒன்றும் வாங்கி வந்தார். பெட்டிக்குள் இருந்தது ஸ்க்ரூ கேஜ். அந்தப் பெயர் அவர் வாயில் வராது. திருகு அளவி என்பார். பெட்டியைத் திறந்து காட்டுவார், கருவியை யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

ஆவணி மாதக் கூட்டத்தில் கரும்பலகை வைத்துப் பேசினார். இத்தனை காலமும் அம்பாரத்தை மூடத் தார்ப்பாய் வாங்கிய லட்சணம் என்ன என்று கேட்டார். கடைக்குப் போய் ‘நல்லா கனமா குடுப்பா’ என்று கேட்டு வாங்கினோம், கனம் என்பது ஓர் அளவா, உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு மைக்ரான். மனிதனின் தலைமுடி ஏறத்தாழ எழுபது மைக்ரான். இனிமேல் நமக்கு இருநூற்றைம்பது மைக்ரான் ஷீட்டு. ராஜாங்கம் பாதி தூக்கத்தில் தலையாட்டினார். தட்சணாமூர்த்தி எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிறவர், இதில் எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் இருந்தார்.

பின்வரிசையில் இருந்து சின்னப்பாப்பா கேட்டாள். “நூல்ல சொல்லுங்க சார். எத்தினி நூலு?”

கொத்தனாரும் தச்சரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை நூல் என்பார்கள். சன்னல் சட்டம் முதல் சமாதி மேடைவரை மரக்காணத்தில் எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அறிவழகன் சிரித்துக்கொண்டார். வெள்ளைக்காரன் கப்பல் ஏறி முக்கால் நூற்றாண்டு ஆயிற்று, அவன் விட்டுப்போன அங்குலத்தைக் கட்டிக்கொண்டு நாம் இன்னும் அழுகிறோம் என்று வருத்தப்பட்டார். ஆனாலும் பலகை இருந்தது, சாக்குக்கட்டி இருந்தது, தன் கணக்கைக் காட்ட நாலு பேரும் இருந்தார்கள். அங்குலம் இருபத்தைந்தே புள்ளி நாலு மில்லிமீட்டர். நூல் அதில் எட்டில் ஒன்று. அதை மைக்ரானாக்கினால் மூவாயிரத்து நூற்றெழுபத்தைந்து. அதை இருநூற்றைம்பதால் வகுத்து, விடையின் கீழே இரண்டு கோடு போட்டார்.

“ஒரு நூல் உசரத்துக்கு நம்ம ஷீட்டு பன்னெண்டே முக்கால் அடுக்கலாம். போதுமா?”

சின்னப்பாப்பாவின் உதடுகள் ‘பன்னெண்டே முக்கால்’ என்று அசைந்தன. பிரமித்துப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டார் அறிவழகன்.

அன்று மாலையே புதுச்சேரிக் கடைக்கு லெட்டர்பேடில் ஆர்டர் எழுதினார். உள்ளங்கை அகலம்தான் இடம் என்றாலும் அவர் மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்குகிறவர். நலமறிய ஆவல், கூட்டமைப்பின் தொலைநோக்கு எல்லாம் எழுதி, ‘நெகிழி விரிப்பு, 4 எண்ணம்’ என்று எழுதி, நீள அகலமும் எழுதி முடித்தபோது பேனா பொன்மொழியில் போய் முட்டியது. மைக்ரான் என்று முழுதாக எழுத வழியில்லை. ‘250 மை.’ என்று எழுதிப் புள்ளி வைத்து, கையெழுத்தைப் பொன்மொழியின் மேலேயே போட்டார்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் ஷீட்டு வந்து இறங்கியது. நல்ல கறுப்பு, வெயிலில் பளபளத்தது. ரசீதில் ‘250 ஜி’ என்று ஆங்கில எழுத்துப் போட்டிருந்தது. ஜி என்றால் என்ன என்று தட்சணாமூர்த்தி கேட்டதற்கு, கிரேடு என்று அறிவழகன் உடனே சொன்னார். தெரியாது என்ற சொல் அவருக்குக் கூச்சம் தருவது. பழைய தார்ப்பாய்களெல்லாம் அனுமந்தை மீனவர்களுக்கு வலை மூட வழங்கப்பட்டன. கடற்கரையில் ஒரு மேசை போட்டு, ‘கனத்திலிருந்து கணக்கை நோக்கி’ என்ற தலைப்பில் அவர் இருபது நிமிஷம் பேசிவிட்டுத்தான் கொடுத்தார். போட்டோ எடுக்கப்பட்டது. புது ஷீட்டுகளை நான்கு அம்பாரத்திலும் விரித்துக் கட்டினார்கள். ஓரத்தில் வெட்டியெடுத்த துண்டுகளைப் பெண்கள் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம். புதன்கிழமை காலை, கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது, வெள்ளி மாலையிலிருந்து பலத்த காற்றோடு மழை என்று செய்தியில் சொன்னார்கள். எட்டரை மணிக்குச் சின்னப்பாப்பா கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு கையில் செங்கல், இன்னொரு கையில் கறுப்புத் துண்டுகளின் கட்டு.

“சார், நீங்க போட்ட கணக்கு வரலீங்க.”

துண்டுகளை ஒரே அளவாகக் கத்தரித்திருந்தாள். எண்ணிப் பதின்மூன்றை மேசையில் அடுக்கி, மேலே செங்கல்லை வைத்து அழுத்தி, டேப்பின் நுனியை நட்டுக்குத்தாக நிறுத்திக் காட்டினாள். கால் நூல்தான் இருந்தது. ஒரு நூல் வருகிறவரைக்கும் அடுக்கிக்கொண்டே போனதில் ஐம்பது துண்டு பிடித்ததாகச் சொன்னாள். மூன்று தடவை எண்ணியிருக்கிறாள். கூட இருந்த பெண்களை விட்டும் எண்ணச் சொல்லியிருக்கிறாள்.

டேப்பில் மைக்ரான் தெரியாது என்று அறிவழகன் பொறுமையாக விளக்கினார்.

“நான் மைக்ரான் பார்க்கல சார். நூலுதான் பார்த்தேன்.” செங்கல்லை எடுத்துக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை மழைன்றாங்க. அம்பாரம் நிக்குமா நிக்காதா, அத்த மட்டும் சொல்லுங்க.”

கருவி வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தார். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நீலப் பெட்டியைத் திறந்தார். வாங்கியதிலிருந்து அந்தக் கருவி எதையும் அளந்ததில்லை. ஒரு துண்டை அதன் வாயில் வைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை திருகினார். ஆறு கோடு. அதாவது அறுபது மைக்ரான், மிஞ்சிப்போனால் அறுபத்தைந்து. கருவிதான் கோளாறு என்று நினைத்தார். வாயை வெறுமனே மூடிப் பார்த்தார், பூஜ்யத்தில் சரியாக நின்றது. எதை வைத்துச் சோதிப்பது என்று யோசித்து, உச்சந்தலையில் மிச்சமிருந்ததில் ஒரு முடியைப் பிடுங்கி வைத்துத் திருகினார். ஏழு கோடு. பலகையில் அவரே சொன்ன எழுபது மைக்ரான்.

கருவி சரியாகத்தான் இருந்தது. நான்கு அம்பாரத்தின்மேலும் அவருடைய தலைமுடியைவிட மெல்லிசான ஒன்று விரித்துக் கிடந்தது.

அந்த நிமிஷமே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சாலையில் அன்று லாரி கிடைத்திருக்கும். ராஜாங்கம் ஒரு போனில் உப்பை ஏற்றித் திண்டிவனத்துக் கிடங்குக்கு அனுப்பியிருப்பார். அறிவழகனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் சொல்வது என்றால் செங்கல்லும் டேப்பும் சரி, வெல்வெட் பெட்டி தப்பு என்று சொல்லவேண்டும். அதைவிட, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு ஆதாரத்தோடு வந்து சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். கள ஆய்வு என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளைப் புதுச்சேரிக்கு விட்டார்.

கடையில் கூட்டம். புயல் பயத்தில் ஆளாளுக்குத் தார்ப்பாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பிரபு முப்பது வயதுக்காரர், அறிவழகனின் சத்தத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கம்பியில் குத்திவைத்திருந்த தாள்களைப் புரட்டி, அந்த லெட்டர்பேடை உருவி மேசையில் வைத்தார்.

“இருநூத்தம்பது மைன்னு எழுதியிருந்தீங்க சார். மைன்னா கறுப்புன்னு எடுத்துக்கினேன். அதான் கறுப்பு அனுப்பினேன்.”

அறிவழகன் தன் கையெழுத்தைத் தானே பார்த்தார். மை என்றுதான் இருந்தது. கண்ணுக்குப் போடுவது, பேனாவில் ஊற்றுவது, தேர்தலில் விரலில் வைப்பது.

“இருநூத்தம்பதுன்னா எங்க லைன்ல கேஜ் சார். எல்லாரும் கேஜ்லதான் கேப்பாங்க.”

“கேஜுன்னா?” என்று கேட்டார் அறிவழகன். அப்படி ஒன்றைத் தெரியாது என்று அவர் வெளியில் காட்டிக்கொண்டது பல வருஷங்களில் அதுதான் முதல் தடவை. அதுவும் தன்னைவிடச் சின்னவனிடம்.

பிரபு ரசீதின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குத் தவ் என்று பெயர். அந்தத் தவ்வை நூறு பங்கு போட்டால் ஒரு கேஜ். ஏறக்குறைய நாலு கேஜ் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான். ஆகவே இருநூற்றைம்பது கேஜ் என்பது அறுபத்துமூன்று மைக்ரான். கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டதாக அவர் அறிவித்த அங்குலம், கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சௌக்கியமாகத்தான் உட்கார்ந்திருந்தது.

“உங்களுக்கு வேண்டியது ஆயிரம் கேஜ் சார்.”

இருக்கிறதா என்று கேட்டார். காலையிலேயே தீர்ந்துவிட்டது, நாலு நாள் ஆகும் என்றார் பிரபு. சண்டை போடுகிற முகம் இல்லை அவருக்கு. உண்மையாகவே வருத்தப்பட்டார். “முழுசா எழுதியிருந்தீங்கன்னா சரியா அனுப்பியிருப்பேன் சார்.”

எழுத இடம் இல்லை என்று அறிவழகன் சொன்னார்.

பிரபு அந்தத் தாளை எடுத்துத் திருப்பினார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. திரும்பவும் கம்பியில் குத்தினார்.

வரும் வழியில் அனுமந்தையில் வண்டியை நிறுத்தினார். பழைய தார்ப்பாய்களைத் திருப்பிக் கேட்கலாம் என்றுதான் நிறுத்தினார். கரையில் படகுகளை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின்களுக்கு மேலும் வலைகளுக்கு மேலும் அந்தத் தார்ப்பாய்களைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டைக் கிழித்து நாலு வீட்டுக் கூரையில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு மேசை தூக்கிவந்த தேவா அடையாளம் கண்டு ஓடிவந்தான். “நீங்க குடுத்தது நல்ல கனம் சார். இந்தப் புயலுக்கு எங்க வலைங்களுக்குப் பயமே இல்ல” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான். அறிவழகன் டீயைக் குடித்தார். கேட்கவில்லை. கடல் அப்போதே ஈய நிறத்துக்கு மாறிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி விஜயலட்சுமியிடம் மட்டும் சொன்னார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது: நான்கு ஷீட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் இருநூற்றைம்பது மைக்ரான் வந்துவிடும். அதற்கு ‘நான்கடுக்குப் பாதுகாப்புத் திட்டம்’ என்று பெயர் வைத்திருந்தார். நாலையும் ஒன்றில் போட்டால் மற்ற மூன்றும் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். பிறகு, “லாரி வேணும்னா இப்பவே போயி சொல்லு” என்றாள். காலையில் முறைப்படி கூட்டத்தைக் கூட்டிச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தார்.

வியாழன் காலை அம்பாரங்களுக்குப் பக்கத்து வரப்பிலேயே எல்லோரும் நின்றார்கள். வானம் தாழ இறங்கியிருந்தது. கறுப்பு ஷீட்டுகள் நான்கும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. கனமான எதுவும் அப்படி அடித்துக்கொள்ளாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுற்றறிக்கையை விரித்து, மாறிவரும் பருவநிலைச் சூழலில் நமது கூட்டமைப்பு எடுத்திருக்கும் முன்னோடி முயற்சி என்று ஆரம்பித்தார்.

“சார்,” என்றாள் சின்னப்பாப்பா. “நூலுக்கு அம்பதுதானே?”

அவளுக்குப் பின்னால் பதின்மூன்று பெண்களும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அறிவழகன் தாளை மடித்தார்.

“அம்பதுதான்” என்றார். “ஷீட்டு கால் பங்குதான் கனம். கடைக்காரன் மேல தப்பில்ல, நான் எழுதினதுல தப்பு. நேத்து காலையிலயே எனக்குத் தெரியும்.”

ராஜாங்கம் அவர் பக்கம் திரும்பினார். “நேத்தா? ஏம்பா அறிவு, நேத்து சொல்லியிருந்தா எட்டு லாரி கெடைச்சிருக்குமேப்பா.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார் அறிவழகன். இதற்கு, மடித்த தாளை இன்னொரு தடவை மடித்தார்.

அதற்குப் பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. ராஜாங்கம் வரப்பில் குந்தியபடியே போன் மேல் போன் போட்டார். மழைக்கு முன்னால் சரக்கு ஏற்ற எல்லா லாரியும் போய்விட்டிருந்தன. ராத்திரிவரை நடை அடிக்க இரண்டு லாரிதான் வந்தது. தனக்கு ஒன்று, தட்சணாமூர்த்திக்கு ஒன்று என்றார். அறிவழகன் தனக்குக் கேட்கவில்லை. தியாகம் என்று சொல்வதற்கில்லை. கேட்க வாய் வரவில்லை.

“லாரி எங்களுக்கு வராது,” என்றாள் சின்னப்பாப்பா. “கெடங்கும் இல்ல. ஷீட்டு நாலையும் எங்களுக்குக் குடுத்துடுங்க.”

தட்சணாமூர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. லாரி ஏற்றியது போக மீதி உப்புக்கு மேல் தன் ஷீட்டு கிடக்கட்டும், தன் காசில் வாங்கியது, ஒற்றையாக இருந்தாலும் ஷீட்டு ஷீட்டுதான் என்றார். எவ்வளவு உறுதி என்று காட்டுவதற்காக அதன் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கட்டைவிரல் மறுபக்கம் வந்துவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரலை எல்லோரும் பார்த்தார்கள், அவரும் பார்த்தார்.

“எடுத்துக்கினு போங்க” என்றார்.

மத்தியானம் தாண்டி மூன்று அம்பாரத்திலிருந்தும் ஷீட்டை அவிழ்த்தார்கள். அவிழ்த்த இடத்தில் உப்பு துணி விலகிய பச்சைக் குழந்தை மாதிரி கிடந்தது. அறிவழகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களோடு அவர்கள் அம்பாரத்தின்மேல் ஏறினார். பல வருஷமாக அவர் உப்பின்மேல் ஏறியதில்லை. உள்ளங்காலில் முதல் ஐந்து நிமிஷம் சுரீரென்றது, பிறகு எரிந்தது. ஓர் ஆலோசனை சொல்ல வாயெடுத்தார். “அந்த மூலைய இழுத்துப் பிடிங்க” என்றாள் சின்னப்பாப்பா. பிடித்தார். முதல் ஷீட்டின்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது, நான்காவது. கிழிந்த ஓரத்தை அடியில் விட்டு மடித்தார்கள். மணல் மூட்டை ஏற்றிக் கயிறு போட்டார்கள். நான்கும் சேர்ந்தபின் படபடப்பு நின்றது. சத்தம் அடங்கியதைக் கேட்டு ஒவ்வொருத்தியாகக் கை உதறினார்கள். அந்த மாலை முழுக்கச் சின்னப்பாப்பாவும் சார் என்று கூப்பிடவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

சொன்னபடி வெள்ளி மாலை ஆரம்பித்தது. ஞாயிறு மதியம்வரை விடவில்லை.

திங்கட்கிழமை காலை சாலையில் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் ஒரே நீர்ப்பரப்பு. ராஜாங்கம் லாரியில் பாதிக்குமேல் ஏற்றிவிட்டிருந்தார், விட்டுவைத்தது போய்விட்டது. தட்சணாமூர்த்திக்கு மூன்றில் ஒரு பங்கு தப்பியது. அறிவழகனுடைய அம்பாரம் இருந்த மேட்டில், முழங்கால் உயரத்துக்கு, சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் கிடந்தது. அதற்கு அப்பால் நான்காவது அம்பாரம் கறுப்பாக நின்றது. வடக்குக் கோடியில் ஒரு கயிறு அறுந்து, ஒரு வண்டி உப்பு கரைந்திருந்தது. மற்றபடி நின்றது. பெண்கள் யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து மேட்டைப் பார்த்துவிட்டு, சந்தோஷப்படுவதற்கு அது இடமில்லை என்று முடிவு செய்தவர்கள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அறுந்த கயிற்றைக் கட்டப் போனார்கள்.

அன்று மாலை தீர்மானம் எழுதக் கூடினார்கள். ராஜாங்கம் பெருந்தன்மையான மனிதர். “புயல்னு எழுதிடுப்பா. புயல் வந்தது உண்மைதானே” என்றார். தட்சணாமூர்த்திகூட ஆட்சேபிக்கவில்லை. அறிவழகன் லெட்டர்பேடை எடுத்தார். பேனா பழக்கத்தில் தானாக ஓடியது: ‘இயற்கை அன்னையின் கோரத் தாண்டவத்தால்’. அதற்கே வெள்ளையில் பாதி தீர்ந்துவிட்டது. மேலே ஏழு வரியைப் பார்த்தார். கீழே பொன்மொழியைப் பார்த்தார். எதிரே சின்னப்பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்து வாசித்தார்.

‘ஷீட்டு 250 மைக்ரான் என்று கேட்டிருக்க வேண்டும். இடம் இல்லை என்று 250 மை. என்று எழுதினேன். வந்தது 250 கேஜ். கனம் கால் பங்கு. இதைச் சின்னப்பாப்பா கண்டுபிடித்தார். புதன்கிழமை காலை எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலைதான் சொன்னேன். அறிவழகன்.’

அவர் பேரில் வந்த அறிக்கைகளிலேயே அதுதான் சின்னது. ராஜாங்கம் கண்ணாடியைத் தேடி எடுத்து, இன்னொரு தடவை தனக்குள் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். தட்சணாமூர்த்தி, அந்த கேஜ் என்பது ரசீதில் இருந்த ஜிதானே, கிரேடு இல்லையே என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மற்றவர்கள் எழுந்து போனபின்பும் சின்னப்பாப்பா நின்றாள். “அந்தக் கருவியக் குடுங்க” என்றாள். “அடுத்த வருஷம் ஷீட்டு வந்தா கட்டறதுக்கு முன்ன நான் பார்த்துக்கறேன்.”

அறிவழகன் பெட்டியைத் திறந்து, கருவியை எடுத்து அவள் கையில் வைத்தார். எப்படிப் பிடிப்பது, எங்கே வைப்பது, கிளிக் என்று சத்தம் வந்ததும் திருகுவதை நிறுத்திவிடவேண்டும் என்றெல்லாம் சொன்னார். அவள் ஒரு கறுப்புத் துண்டை வைத்துத் திருகினாள். மண்வெட்டி பிடித்த விரல், ஆனால் பதமாகத் திருகியது.

“ஆறு கோடு” என்றாள். “நூல்ல?”

“அம்பதுல ஒண்ணு.”

தலையசைத்துக்கொண்டாள். உப்புக் காற்றில் துரு ஏறும் என்று அவர் சொல்வதற்குள்ளேயே அந்தத் துண்டை நாலாக மடித்து, கருவியை அதில் சுருட்டி, டேப்புக்குப் பக்கத்தில் இடுப்பில் செருகினாள். மேசையில் பெட்டி திறந்தபடி கிடந்தது. நீல வெல்வெட்டில் கருவியின் உருவத்துக்கு ஒரு பள்ளம்.

“பெட்டி?” என்றார் அறிவழகன்.

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்.”